சி.டி. ஸ்கேனில் தெரியாத காயம்: தலைக்காய மதிப்பீட்டில் உயர்நிலை எம்.ஆர்.ஐ. எதுவரை உதவும்?

செங்கல்பட்டு மாவட்டத்தை இரண்டு பெருஞ்சாலைகள் வடக்கு தெற்காகக் கடக்கின்றன. தாம்பரம், மறைமலை நகர், செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலை போகிறது, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. 2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. அந்த ஓராண்டில் 64,105 விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தனர். பிழைத்தவர்களில் தலையில் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எடுக்கப்படும் படம் சி.டி. ஸ்கேன். அதில் ஒன்றும் இல்லை என்றால் குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் படம் நார்மலாக இருந்தும் சிலர் நாட்கணக்கில் கண் விழிப்பதில்லை. வேறு சிலர் தாமாக நடந்து வீடு திரும்புகிறார்கள். பிறகு மறதி, எரிச்சல், தலைசுற்றல், தூக்கமின்மை, வேலையில் மனம் நிற்காமை என்று மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

இங்கே மூன்று கேள்விகள் அடுத்தடுத்து எழுகின்றன. படத்தில் தெரியாத மூளைக்காயம் உண்டா? உண்டென்றால் எம்.ஆர்.ஐ.யின் புதிய முறைகள் அதைக் காட்டுமா? காட்டினாலும் படுக்கையில் கிடப்பவருக்கு அதனால் என்ன பயன்? முதல் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குப் பாதி விடை இருக்கிறது. மூன்றாவதற்கான விடை எந்திரத்தின் திறனைவிட, படம் எடுத்த பிறகு அந்த நோயாளியை எத்தனை மாதம் பின்தொடர்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

ஒன்றரை நூற்றாண்டு வழக்கு

கண்ணுக்குத் தெரியாத காயம் பற்றிய சர்ச்சை எம்.ஆர்.ஐ.யைவிட மிகப் பழையது. 1866-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், ரயில் விபத்தில் வெளிக்காயம் இல்லாமல் தப்பியவர்களுக்கும் நரம்பு மண்டலம் அதிர்ந்து நெடுங்காலப் பாதிப்பு வரலாம் என்று எழுதினார். ரயில் நிறுவனம் ஒன்றின் மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பேஜ் 1883-இல் அதை மறுத்தார். பயமும் இழப்பீட்டு எதிர்பார்ப்புமே இத்தகைய தொல்லைகளில் பலவற்றுக்குக் காரணம் என்பது அவர் வாதம். முதல் உலகப் போரில் அதே வழக்கு வேறு பெயரில் திரும்பியது. குண்டதிர்ச்சிக்கு ஆளான வீரர்களைப் பற்றி 1915-இல் எழுதிய சார்லஸ் மையர்ஸ் போகப்போக மனக்காரணத்தின் பக்கம் சாய்ந்தார். பிரெடரிக் மாட், இறந்த வீரர்களின் மூளையில் புள்ளி புள்ளியாகக் கண்ட இரத்தக்கசிவைச் சான்றாகக் காட்டி உடற்காரணத்தை வலியுறுத்தினார். இரு தரப்பிடமும் இல்லாமல் போனது, உயிரோடு இருப்பவரின் மூளையைப் பார்க்கும் வழி.

வழக்கின் திசையை மாற்றியவை இரண்டு ஆய்வுகள். ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-இல் ஜெலட்டின் மாதிரிகளைக் கொண்டு, தலை நேராக அடிபடுவதைவிடச் சட்டென்று சுழலும்போதுதான் மூளைத் திசு உள்ளுக்குள் அதிகமாக இழுபடுகிறது என்று காட்டினார். 1956-இல் சபினா ஸ்ட்ரிச், தலைக்காயத்துக்குப் பின் அறிவு மங்கிய நிலையில் மாதக்கணக்கில் வாழ்ந்து இறந்த 5 பேரின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்தார். வெளிப்பார்வைக்குப் பெரிய சேதம் இல்லாத அந்த மூளைகளின் வெண்பொருளில் நரம்பிழைகள் பரவலாக அறுந்து சிதைந்திருந்தன. 1982-இல் ஜென்னரெல்லியும் கிளாஸ்கோவின் ஆடம்ஸும் குரங்குகளில், மண்டை உடையாமலே, இரத்தக்கட்டி இல்லாமலே, சுழற்சியால் மட்டும் ஆழ்ந்த மயக்கத்தையும் இதே சிதைவையும் உண்டாக்கிக் காட்டினர். பரவலான நரம்பிழைக் காயம் என்ற கருத்து அதன்பின் உறுதிப்பட்டது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தலைக்கு நேர்வதும் பெரும்பாலும் இத்தகைய சுழற்சிதான். ஹெல்மெட் மண்டையோட்டைக் காத்து உயிரையும் காக்கிறது, ஆனால் சுழற்சியை முழுவதும் தடுப்பதில்லை.

ஆக முதல் கேள்விக்கு விடை: தெரியாத காயம் உண்டு. ஆனால் பேஜின் வாதத்தையும் முற்றாகத் தள்ள முடியாது. தலையில் அடிபடாமல் கைகால் மட்டும் உடைந்தவர்களுக்கும் தூக்கமின்மை, எரிச்சல், கவனக்குறைவு வருவதுண்டு. ஆகையால் அறிகுறி இருப்பதாலேயே மூளைக்காயம் இருக்கிறது என்று முடிவு கட்டலாகாது. இன்றைய எம்.ஆர்.ஐ. ஆய்வுகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

சி.டி.க்கு ஏன் முதலிடம்

1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. எந்திரத்தில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். 1974-இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் கிளாஸ்கோ மயக்க அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் இந்த அளவுகோலும் சி.டி. படமும் சேர்ந்து அரை நூற்றாண்டாகத் தலைக்காயச் சிகிச்சையை நடத்தி வருகின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. மண்டைக்குள் தேங்கி மூளையை நெருக்கும் இரத்தத்தை உடனே வெளியேற்றாவிட்டால் உயிர் போகும். அதை சி.டி. சில நிமிடங்களில் காட்டிவிடும். வென்டிலேட்டரோடு வந்தவரையும், உடலில் உலோகம் இருக்கிறதா என்று தெரியாதவரையும், அமைதியின்றிக் கைகால் உதறுபவரையும் அதில் படுக்க வைக்க முடியும். எம்.ஆர்.ஐ.க்கு அரைமணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். காந்தப் புலத்தில் இயங்கும் தனி வென்டிலேட்டரும் கண்காணிப்புக் கருவியும் வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சி.டி.யின் இடத்தை எம்.ஆர்.ஐ. பிடிக்க வேண்டும் என்று எவரும் பொறுப்போடு வாதிட முடியாது. சர்ச்சை அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றியது.

எம்.ஆர்.ஐ. எவற்றைப் பார்க்கிறது

உயர்நிலை எம்.ஆர்.ஐ. என்ற பெயரில் வெவ்வேறு பொருள்களை அளக்கும் பல முறைகள் அடங்கியுள்ளன. இவற்றின் நம்பகத்தன்மை சமமானதன்று. காந்த ஏற்புத்திறன் படிமம் இரத்தத்தில் உள்ள இரும்பால் காந்தப் புலத்தில் ஏற்படும் சிறு குலைவைக் கரும்புள்ளியாகக் காட்டும். சி.டி.யில் தெரியாத நுண்கசிவுகள் இதில் தெரிகின்றன. 2019-இல் வெளியான கிரிஃபின் குழுவின் ஆய்வில் தலைக்காயம் பட்ட 439 பேரில் 31 விழுக்காட்டினருக்கு இத்தகைய நுண்கசிவு இருந்தது. அவர்களில் பின்னர் இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்தபோது, இரத்தக்குழாய்ச் சேதம் படத்தில் தெரிந்த எல்லையையும் தாண்டிப் பரவியிருந்தது. எனவே கரும்புள்ளி என்பது காயத்தின் அடையாளம். காயத்தின் முழு அளவு அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

நீர் விரவல் படிமம், செல்கள் வீங்கி நீர் அடைபட்ட இடங்களை வெண்மையாகக் காட்டுகிறது. அதன் வளர்ச்சியே 1994-இல் பாஸர் குழு அறிமுகப்படுத்திய விரவல் டென்சர் படிமம், சுருக்கமாக டி.டி.ஐ. கட்டுக்கோப்பான நரம்புக்கற்றையில் நீர் கற்றையின் போக்கிலேயே எளிதாக நகரும். கற்றை சிதைந்தால் நீர் பல திசையிலும் பரவும். நீரின் நகர்வு எந்த அளவுக்கு ஒரே திசையில் இருக்கிறது என்பதைப் பூஜ்யம் முதல் 1 வரை ஓர் எண்ணாக டி.டி.ஐ. தருகிறது. காந்த நிறமாலை முறையோ மூளைத் திசுவின் வேதிப்பொருள்களை அளக்கிறது. விளையாட்டில் தலையில் அடிபட்டவர்களை ஆராய்ந்த வக்னோட்சி குழு, தொல்லை எல்லாம் நீங்கிவிட்டது என்று அவர்களே சொன்ன பிறகும், நரம்புச் செல்லின் நலத்தைக் குறிக்கும் ஒரு வேதிப்பொருள் பழைய அளவுக்குத் திரும்ப ஏறத்தாழ ஒரு மாதம் ஆனதைக் கண்டது. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. இரத்த ஓட்ட மாற்றத்தைக் கொண்டு மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்பதை ஊகிக்கிறது. இவற்றுள் முதல் இரண்டும், அதாவது நுண்கசிவுப் படிமமும் எளிய நீர் விரவல் படிமமும், சாதாரண 1.5 டெஸ்லா எந்திரத்திலேயே எடுக்கக் கூடியவை. மருத்துவர் கண்ணால் பார்த்தே படிக்கலாம். மற்றவை கணக்கீட்டை நம்பியவை.

எல்லோருக்கும் எடுக்கலாம் என்னும் கட்சி

எம்.ஆர்.ஐ.யைப் பரவலாக்க வேண்டும் என்போரிடம் வலுவான சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் டிராக்-டி.பி.ஐ. என்ற தலைக்காய ஆய்வுத் திட்டத்தில் யூ குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலேசான தலைக்காயத்தோடு வந்து சி.டி. நார்மலாக இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யில் கோளாறு தெரிந்தது. அத்தகையோர் மூன்று மாதம் கழித்தும் முழுமையாகத் தேறாதிருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. குண்டுவெடிப்பில் சிக்கிய அமெரிக்க வீரர்கள் 63 பேரை மெக்டொனால்டு குழு 2011-இல் ஆராய்ந்தது. அவர்களில் 18 பேருக்கு, நரம்பிழைக் காயத்தோடு ஒத்துப்போகும் மாற்றங்கள் டி.டி.ஐ.யில் புலப்பட்டன.

ஆனால் இதே எண்களை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். 63 பேரில் 45 பேருக்கு அத்தகைய மாற்றம் தெரியவில்லை; அவர்களும் இலேசான மூளைக்காயம் என்று கண்டறியப்பட்டவர்களே. ஆகவே எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதும் காயம் இல்லை என்பதற்கு உறுதி ஆகாது. டி.டி.ஐ.யிடம் இன்னும் ஆழமான சிக்கல் இருக்கிறது. காயம் பட்டு ஆண்டுகள் கழிந்த கடுமையான நோயாளிகளிடம் அந்த எண் குறைவதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. முதல் சில நாட்களில் எடுத்த படங்களிலோ சில ஆய்வுகள் குறைவையும் சில ஆய்வுகள் கூடுதலையும் சொல்கின்றன. வீக்கம், எடுத்த நாள், எந்திரம், கணக்கிடும் முறை எல்லாமே விடையை மாற்றுகின்றன. மேலும், நலமானவர்களின் சராசரியோடு ஒரு நோயாளியின் மூளையை 1,000 புள்ளிகளில் ஒப்பிட்டு, இருபதில் ஒன்று என்ற அளவு விலகலைக் கோளாறு எனக் கொண்டால், எந்தக் காயமும் இல்லாதவரிடம்கூட ஏறத்தாழ 50 புள்ளிகள் கோளாறாகத் தோன்றும். அடிபட்ட 100 பேரையும் அடிபடாத 100 பேரையும் குழுவாகப் பிரித்துக் காட்ட இந்த முறையால் முடியும். எதிரே இருக்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இன்னும் முடியவில்லை. டி.டி.ஐ., நிறமாலை, செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைத் தனி நோயாளிக்கு வழக்கமாகப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்று விண்டர்மார்க் தலைமையிலான வல்லுநர் குழு 2015-இல் சொன்னது இதனால்தான்.

சிகிச்சை மாறாது என்னும் கட்சி

எதிர்க் கட்சியின் வாதம் எளியது: அறுந்த நரம்பிழையை ஒட்ட வைக்க மருந்து கிடையாது, ஆகவே அதைப் படமெடுத்து ஆவதென்ன? அரசு மருத்துவமனையில் ஒரே எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குப் பக்கவாதம், முதுகுத்தண்டு, புற்றுநோய் நோயாளிகள் காத்திருக்கும்போது இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்த வாதம் சிகிச்சை என்ற சொல்லை அறுவைக்கும் ஊசிக்கும் மட்டுமே உரியதாக்கிவிடுகிறது. மயக்கத்துக்குக் காரணம் எது என்று அறிவதும் சிகிச்சையின் பகுதிதான்.

நமது சாலைகளில் நேரக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து ஒருவர் கொண்டுவரப்படுகிறார். வந்தபோது பெயர், ஊர் எல்லாம் தெளிவாகச் சொல்கிறார். ஒன்றிரண்டு நாளில் மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, மயக்கம் ஆழமாகிறது. சி.டி. மறுபடியும் நார்மல். முறிந்த எலும்பின் மச்சையிலிருந்து கொழுப்புத் துளிகள் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ச் சிறு குழாய்களை அடைத்திருக்கலாம். நீர் விரவல் படிமத்தில் அது இருண்ட வானில் விண்மீன்கள் சிதறியதுபோல் இரு பக்கமும் வெண்புள்ளிகளாகத் தெரியும். நரம்பிழைக் காயமாக இருந்தால் விபத்து நடந்த நொடியிலேயே நினைவு தப்பியிருப்பதுதான் வழக்கம். புள்ளிகளும் வெண்பொருள் விளிம்பு, இரு அரைக்கோளங்களை இணைக்கும் தடித்த கற்றை, மூளைத்தண்டு என்று தமக்கே உரிய இடங்களில் அமையும். கொழுப்பு அடைப்பில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தாங்கிப் பிடித்தால் ஆழ்ந்த மயக்கத்திலிருந்தும் நன்றாக மீள்பவர்கள் பலர். இந்த வேறுபாட்டை அறிந்த மருத்துவர் குடும்பத்தாரிடம் பேசும் பேச்சே வேறாக இருக்கும். இத்தகைய இடத்தில் எம்.ஆர்.ஐ. ஆடம்பரம் என்று சொல்ல இயலாது.

முன்கணிப்பின் ஆபத்து

காரணத்தை அறிவதற்கு அடுத்தபடி, முடிவைக் கணிப்பது. நரம்பிழைக் காயத்தின் மூன்று நிலைகளில் மூளைத்தண்டைத் தொடும் மூன்றாம் நிலையே கடுமையானது. மூளைத்தண்டின் நடுப்பகுதியில் இரு பக்கமும் காயம் தெரிந்த நோயாளிகள் எவரும் பிழைக்கவில்லை என்று ஜெர்மனியின் ஃபிர்ஷிங் குழு 1998-இல் எழுதியது. ஆனால் படம் மோசம் என்று சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறப்பார். இறந்ததும் படம் சொன்னது சரி என்றாகிவிடும். தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இந்தக் கணிப்பிலிருந்து ஆய்வுகளைப் பிரித்தெடுப்பது கடினம். பிற்கால அனுபவத்தில், மூளைத்தண்டில் காயம் தெரிந்தும் தேறியவர்கள் உண்டு.

எதிர்த் திசையிலும் சான்று இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கி ஐந்து மாதமாக எந்த விழிப்புணர்வும் காட்டாதிருந்த 23 வயதுப் பெண் ஒருவரிடம், டென்னிஸ் ஆடுவதுபோல் கற்பனை செய்யுமாறு ஏட்ரியன் ஓவன் குழு கேட்டது. நலமானவர்களுக்கு இயங்கும் அதே மூளைப்பகுதி அவருக்கும் இயங்கியதைச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. காட்டியது; 2006-இல் அது வெளியானது. 2024-இல் போடியன் குழு பல மையங்களில் நடத்திய ஆய்வில், கட்டளைக்கு எந்த வெளி அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேருடைய மூளை, செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யிலோ மூளை மின்பதிவிலோ கட்டளைக்குப் பதில் அளித்தது. நான்கில் ஒருவர் என்ற இந்தக் கணக்கு, அவசரமாகக் கைவிடலாகாது என்ற எச்சரிக்கையாக நிற்கிறது. அந்த நால்வரில் மற்ற மூவருக்கு உணர்வே இல்லை என்று இதிலிருந்து சொல்லவும் முடியாது.

இதோடு மூளைச்சாவைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்தனர். தமிழ்நாட்டின் உறுப்புக்கொடை இயக்கமே அதன்பின் வேகம் பெற்றது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூளைத்தண்டுச் சாவை நான்கு மருத்துவர் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை படுக்கையருகே சோதித்துச் சான்றளிக்கிறது. ஓவன், போடியன் ஆய்வுகளில் இருந்தவர்கள் மூளைத்தண்டு உயிர்ப்போடு இருந்தவர்கள். ஆகையால் அந்த ஆய்வுகள் மூளைச்சாவுச் சான்றின் மீது ஐயம் எழுப்புவதாகக் கொள்வது தவறு. இதைப் பொதுமக்களிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால், அரிதாய் வளர்ந்த ஒரு நற்பண்புக்குக் கேடு வரும்.

செங்கல்பட்டில் எது பொருந்தும்

'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இந்த மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊராராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரம்புக்குள், அரசே ஏற்கும் திட்டம் அது. 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி முதல் கட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம் தனியார் மருத்துவக் கல்லூரிகள் வரை இந்தச் சாலைகளை ஒட்டியோ அவற்றுக்கு அருகிலோ இருக்கின்றன. உயிர் காக்கும் முதற்கட்டத்துக்கு வழி இருக்கிறது. எம்.ஆர்.ஐ. பயன்படும் கட்டமோ பெரும்பாலும் 48 மணி நேரம் கடந்த பிறகு தொடங்குகிறது. அப்போது நோயாளி வென்டிலேட்டரிலிருந்து விடுபடுவார், அல்லது வீட்டுக்குப் போயிருப்பார்.

அமெரிக்க, ஐரோப்பிய அளவுகோல்களை அப்படியே எடுத்தாள்வதிலும் தடை உண்டு. நம்மிடையே நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் கட்டி வந்து ஆறியவர்கள் உண்டு. அந்தச் சுண்ணாம்புத் தழும்பும் காந்த ஏற்புத்திறன் படிமத்தில் கரும்புள்ளியாகவே தெரியும். கட்டுப்படாத இரத்த அழுத்தத்தால் வரும் பழைய நுண்கசிவும் அப்படியே. இரும்பையும் சுண்ணாம்பையும் பிரித்துக் காட்டும் கட்டப் படிமத்தைச் சேர்த்துப் பார்க்காவிட்டால், என்றோ வந்த நோயை இன்றைய விபத்தின் கணக்கில் எழுத நேரும். டி.டி.ஐ.க்கோ அதே எந்திரத்தில், அதே வயதினரான நம் மக்களிடம் எடுத்த நலமானோர் படத்தொகுப்பு வேண்டும். அது இல்லாமல் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இது வெறும் கல்விச் சிக்கலாக நிற்காது. மருத்துவர் தரும் ஊன விழுக்காடும் வருமானம் ஈட்டும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியது. மூளைக்காயத்துக்கு இது மிகவும் பொருந்தும். மறதியால் வேலை இழந்த ஓட்டுநரை 'ஸ்கேன் நார்மல்' என்று திருப்பி அனுப்புவது அநீதி. டி.டி.ஐ.யின் வண்ணப் படத்தை மட்டும் காட்டி ஊனத்தை நிறுவ முயல்வதும் அறிவியலுக்குப் பொருந்தாது. நினைவு, கவனம், நடத்தை ஆகியவற்றை முறையாகச் சோதித்த அறிக்கையே முதற்சான்றாக வேண்டும். படம் அதற்குத் துணைநிற்கலாம்.

திறந்தே இருக்கும் கேள்விகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு நடுவழியை நிதானமாகப் பரிந்துரைக்க முடியும். சி.டி.யால் விளக்க முடியாத மயக்கத்தில் கிடப்பவருக்கு, உடல்நிலை நிலைப்பட்டதும் நுண்கசிவுப் படிமமும் நீர் விரவல் படிமமும் அடங்கிய எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குச் சான்று போதுமானது. இலேசாக அடிபட்டு வாரக்கணக்கில் தொல்லை நீங்காதவருக்கும் அதைப் பரிசீலிக்கலாம். அடிபட்ட எல்லோருக்கும் எடுப்பதற்கும், டி.டி.ஐ. எண்ணை வைத்துத் தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்வதற்கும் சான்று இன்னும் போதாது. யாருக்கு எம்.ஆர்.ஐ. தேவை என்று பிரிக்க இரத்தச் சோதனை உதவக்கூடும். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த இரு புரதச் சோதனை, சி.டி. தேவைதானா என்று முடிவு செய்வதற்கானது, அதை எம்.ஆர்.ஐ.க்கு நீட்டலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மயக்க மதிப்பெண்ணோடு இரத்தக் குறியீடு, படிமம், நோயாளியின் வாழ்க்கைச் சூழல் ஆகிய நான்கையும் சேர்த்துக் காயத்தை வகைப்படுத்தலாம் என்று 2025-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று முன்வைத்த சட்டகமும், இலேசு, நடுத்தரம், கடுமை என்ற மூன்று பெட்டிகள் போதவில்லை என்பதை ஒப்புக்கொண்டதன் விளைவே.

ஆள்பலமும் பணமும் குறைந்த இடத்தில் ஆய்வுக்கு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கலாம். இங்கே பெருஞ்செலவு தேவைப்படுவது எந்திரத்துக்கு அன்று. படம் எடுத்தவரை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் தொலைபேசியில் அழைத்து, வேலைக்குத் திரும்பினாரா, வீட்டில் பழையபடி இருக்கிறாரா, மறதி எப்படி என்று ஒரே படிவத்தில் பதிவு செய்தால் போதும். அந்தப் பதிவு இருந்தால், எந்தப் புள்ளி எந்த முடிவைக் குறித்தது என்பதை நம் மக்களிடமிருந்தே கற்கலாம். இல்லாவிட்டால் மேலும் உயர்ந்த காந்தப் புலமும் மேலும் தெளிவான படமும் வந்தாலும், அவற்றின் பொருளைப் பிற நாட்டார் கணக்கிலிருந்து கடன் வாங்கிக்கொண்டே இருப்போம். அடுத்த எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்கு நிதி கேட்கும்போது, அதோடு ஒரு பின்தொடர் பதிவாளர் பணியிடத்தையும் சேர்த்துக் கேட்பதே இந்த மாவட்டம் எடுத்து வைக்கக்கூடிய பயனுள்ள அடுத்த அடி.